பவளப் பாறையில் குழாய் வீடுகள்

கொங்கு நாட்டு உழவர்க்கு மண்புழு நெடுநாளைய நண்பன். ஏர் சென்ற சாலில் நெளியும் அவ்வுயிருக்குக் கடலில் ஒரு பெருஞ்சுற்றம் உண்டு. உடல் முழுதும் வளையங்களால் ஆன இவையனைத்தும் வளைதசைப் புழுக்கள் என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. கடல்வாழ் உறவினர்க்கு உடலின் இருபுறமும் நுண்முட்கள் மிகுதி. ஆதலின் அவற்றைப் பாலிகீட்டா என்பர். அவற்றுட் சில, தாமே குழாய் கட்டி அதனுள் வாழ்நாளைக் கழிக்கின்றன. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் அமைந்த 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகள் இவற்றின் உறைவிடம். இவற்றை இனங்காணும் முறையை ஈண்டுக் காண்போம்.

உயிர்களை வகைப்படுத்தும் முயற்சி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் புலனறிவை அளவுகோலாகக் கொண்டு நத்தையை ஈரறிவுயிர் என்றும், எறும்பை மூவறிவுயிர் என்றும் பகுத்தது. அளவுகோல் தெளிவானால்தான் பகுப்பும் தெளிவாகும். குழாய்ப்புழுக்களுக்கு முதல் அளவுகோல் வீடு, அடுத்தது கதவு.

வீடு

வெண்மையான, கல்போன்ற சுண்ணாம்புக் குழாயாயின் அது செர்புலிடே குடும்பம். கோழையுடன் சேறும் நுண்மணலும் கலந்து தோல்போல் வளையும் குழாயாயின் சபெல்லிடே. மணலும் சிப்பித் துணுக்குகளும் ஒட்டிய குழாயிலிருந்து நூல்போன்ற உணர்விழைகள் நீண்டு பரவினால் அது பெரும்பாலும் டெரெபெல்லிடே. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வெர்மெட்டிடே என்னும் நத்தைகளும் பாறையில் குழாய்போன்ற ஓடுகளைக் கட்டுகின்றன. அவற்றின் உட்புறம் பளபளக்கும். புழுவின் குழாயோ உள்ளே மங்கலாக இருக்கும்.

கதவு

செர்புலிடே புழுக்கள் பலவற்றிற்குத் தலையில் இறகு மகுடம் ஒன்று உண்டு. உணவு தேடலும் மூச்சு வாங்கலும் அதனாலேயே நிகழ்கின்றன. நிழல் பட்ட கணமே மகுடம் உள்ளே மறைய, மூடி ஒன்று வாயிலை அடைக்கும். இம்மூடியின் வடிவமே இனங்காணத் துணைசெய்யும் சிறந்த சான்று. ஹைட்ராய்டஸ் இனங்களில் மூடி ஈரடுக்கு: கீழே புனல், மேலே முட்களின் வட்டம். உயிருள்ள பவளத்தில் புதைந்து வாழும் ஸ்பைரோபிராங்கஸ் இனத்தில் தட்டையான மூடியின்மேல் மான்கொம்புபோல் கிளைகள் நிற்கும். இரட்டைச் சுருளாய் எழும் மகுடத்தால் இதனைக் ‘கிறிஸ்துமஸ் மரப்புழு’ என அழைக்கின்றனர்.

நிறத்தை நம்பலாகாது. ஒரே இனத்தில் நீலம், மஞ்சள், செம்மை, வெண்மை எனப் பல நிற மகுடங்கள் உள்ளன. நிறங்கண்டு பெயரிடுவோர் ஓரினத்தையே பல இனங்களாக எண்ணிவிடுவர். ஐயம் எழுமிடத்து முட்களை நுண்ணோக்கியில் ஆராய்தலே வழி.

பெயரால் விளைவது

1766-இல் பல்லாஸ் என்னும் அறிஞர் ஜைகாண்டியஸ் எனப் பெயரிட்ட புழுவின் தாயகம் கரீபியக் கடல். நெடுங்காலம் நம் கடற்புழுக்களும் அப்பெயராலேயே குறிக்கப்பட்டன. இன்றோ அப்பெயர் அட்லாண்டிக் பகுதிக்கே உரியது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் புழுக்கள் கார்னிகுலேட்டஸ் முதலான வேறு இனங்கள் எனத் தெளிந்துள்ளனர்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. சென்னை அருங்காட்சியகம் 1927-இல் குருசடைத் தீவின் உயிரினங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. பிரெஞ்சு அறிஞர் ஃபோவெல் 1953-இல் இந்தியப் பாலிகீட்டாக்களைத் தொகுத்தளித்தார். பின்னாளில் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பத்தால் பவளங்கள் வெளிறின. அன்று இருந்தவற்றுள் இன்று எவை எஞ்சின, கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிப் புதிதாய் வந்தவை எவை என அறிய அப்பழம் பட்டியல்களே அடிப்படை. அவற்றிலுள்ள பெயர் பிழைபட்டிருப்பின், ஓரினம் அழிந்ததும் புலப்படாது. அயலினம் புகுந்ததும் புலப்படாது.

1986 முதல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. உரிய ஒப்புதலின்றி எவ்வுயிரையும் எடுத்தல் கூடாது. காணச் செல்லும் மாணவர் குழாயையும் மூடியையும் கூர்ந்து நோக்கிக் குறித்து வருவாராயின், அதுவே நற்பயன் தரும். பெயரறியாப் பொருளைக் காத்தல் அரிது. பிழைப்பெயர் கொண்டதைக் காத்தல் அதனினும் அரிது.