டிஸ்பென்ஸரியா, கேஷுவாலிட்டியா?

ஞாயிறு இரவு ஒன்பது மணி. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு நெஞ்சைப் பிசைகிறது. "வாயுதான், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். தெருமுனை டிஸ்பென்ஸரியில் விளக்கு எரிகிறது. அங்கே அழைத்துப் போகலாமா?

வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமலே போய் உட்காரக்கூடிய இந்த டிஸ்பென்ஸரிகள் மும்பைவாசிகளாகிய நமக்குப் பெரிய வசதிதான். சளி, இருமல், சிறுநீர்க் கடுப்பு, சின்ன வெட்டுக்காயம் இவற்றுக்கெல்லாம் அங்கே போவதே சரி, சயான், கே.இ.எம். க்யூவில் நின்று அரைநாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை. மழை வெள்ளத்தில் காலில் புண்ணோடு நடந்து வந்தீர்களா? எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று மூன்று நாளைக்குள் அந்த டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

ஆனால் அந்தச் சிறிய அறையில் பெரும்பாலும் ஈ.சி.ஜி.யும் இல்லை, ஆக்ஸிஜனும் இல்லை. டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் சீட்டெழுதி ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார். அதற்குள் அரைமணி போய்விடும். மாரடைப்பில் அந்த அரைமணிக்குள் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே வியர்வையோடு நெஞ்சுவலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் நேரே கேஷுவாலிட்டி. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும், ஒரு பக்கம் கை கால் விழுந்தாலும் தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் ஆஸ்பத்திரிதான். டெங்குவில் காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி அடைகிறோம். அப்போதுதான் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் இவற்றைக் கவனிக்க வேண்டும்.

108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. விபத்தில் அடிபட்டவரை, போலீஸ் வரட்டும் என்று திருப்பி அனுப்பக் கூடாது. அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிர்காக்கும் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது.

இன்னொன்று. நாம் வேலைக்குப் போயிருக்கும்போது, இந்தி தெரியாத அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொல்வார்? "சீனே மே தர்த்" என்ற மூன்று வார்த்தைகளைப் பழக்கிவிடுங்கள். அவர் வயது, சர்க்கரை, பிரஷர், சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, உங்கள் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் இந்தியில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்துவைக்க மறக்காதீர்கள்!