எண்ணிப் பார்த்தால் தெரியும் உண்மை

நம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டையின் தரத்தை அறிய யாரும் மூட்டை முழுவதையும் எண்ணுவதில்லை. கொஞ்சம் அள்ளிப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். உலோகத்திற்குள் உள்ள அணுக்களை ஆராயும் விஞ்ஞானிகளும் ஏறத்தாழ இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்!

1955-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எர்வின் முல்லரும், அவருடைய மாணவரான இந்தியர் கன்வர் பகதூரும் டங்ஸ்டன் ஊசிமுனையில் அணுக்களைத் தனித்தனியே கண்டனர். 1967-இல் முல்லர் குழுவினர், அந்த அணு எந்தத் தனிமத்தைச் சேர்ந்தது என்றும் கூறும் 'ஆட்டம் புரோப்' கருவியை அமைத்தனர். அதன் வளர்ந்த வடிவம் ஒன்று, பல ஆய்வு நிலையங்களுக்கும் பொதுவாக, 2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்டது.

ஆராய வேண்டிய உலோகத்தை மிக நுண்ணிய ஊசியாக்கி, கடுங்குளிரில், காற்றில்லா அறையில் வைத்துப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தருகிறார்கள். ஊசிமுனை அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கின்றன. இலேசான அணு விரைவில் போய்ச் சேரும், கனமானது தாமதிக்கும். பறந்த நேரத்தைக் கொண்டு தனிமத்தையும், விழுந்த இடத்தையும் வரிசையையும் கொண்டு அது முன்பு இருந்த இடத்தையும் கணிப்பொறி கண்டுபிடித்து, நீளம், அகலம், ஆழம் மூன்றும் கொண்ட படமாக்குகிறது.

ஆனால் படத்தைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதுமா? விண்மீன்களில் உருவங்களைக் காணும் கண் அல்லவா இது! அங்கேதான் புள்ளியியல் கைகொடுக்கிறது. பத்தில் ஒரு காய் வெடித்த காயாக உள்ள மூட்டையை எடுத்துக்கொள்வோம். நன்றாகக் கலந்திருந்தால், பத்துப் பத்துக் காய்களாக நூறு முறை எடுக்கும்போது, சுமார் 35 முறை வெடித்த காய் ஒன்றும் வராது. 39 முறை ஒன்று வரும். 19 முறை இரண்டு வரும். 7 முறை மூன்றோ அதற்கு மேலோ வரும். மாறாக, 70 முறை ஒன்றுமே வராமல், சில முறை மட்டும் ஐந்து, ஆறு என்று வந்தால், வெடித்த காய்கள் ஓரிடத்தில் குவிந்திருக்கின்றன என்று பொருள். விஞ்ஞானிகள் படத்தைச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள அணுக்களை எண்ணி, இவ்வாறே ஒப்பிடுகிறார்கள்.

இதனால் என்ன பயன்? சில அணு உலைகளின் எஃகுக் கலங்களில் சிறிதளவு செம்பு கலந்திருக்கும். பல ஆண்டுகள் நியூட்ரான்கள் தாக்குவதால் செம்பு அணுக்கள் குவியல் குவியலாகச் சேர, எஃகு எளிதில் உடையும் தன்மையை அடைகிறது. குவியல் இருந்தும் இல்லை என்றால் ஆபத்து. இல்லாததை இருப்பதாகச் சொன்னாலோ வீண் அச்சம், வீண் செலவு.

ஆகவே தோழியரே, கணக்குப் பாடத்தில் வரும் நிகழ்தகவைத் தேர்வுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். கண் சந்தேகத்தை எழுப்பும். தீர்ப்புச் சொல்ல எண்ணிக்கை வேண்டும்.