பல் மருத்துவக் கல்லூரியில் தனி ஆள்

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்வியின் போக்கையே மாற்றிய 1926 அறிக்கையை எழுதிய வில்லியம் கீஸ் பல் மருத்துவர் இல்லை, உயிர்வேதியியல் பேராசிரியர். இன்றைக்கு அதே பாடத்தை நடத்துபவர், சில கல்லூரிகளில் தனி ஆள்தான்.

அங்கே தேசியத் தேர்வு முன்பு இரண்டு பகுதி. முதல் பகுதி பெரும்பாலும் அடிப்படை அறிவியல். 2020-இல் வந்த ஒருங்கிணைந்த தேர்வு இரண்டையும் கலந்து 500 கேள்வியாக்கியது. "இனி உங்களுக்கு எதுக்கு இத்தனை வகுப்பு?" என்று கேட்டால், தனி ஆள் என்ன பதில் சொல்வார்?

அதற்குத்தான் கல்லூரிகளைத் தாண்டிய ஆசிரியர் குழு. வருஷத்துக்கு ஒரு கூட்டம், புதுத் தலைவர், ஒரு போட்டோ என்று நின்றுவிட்டால் அது பெயருக்குத்தான். மாதம் ஒருவர், முறை வைத்து, ஒரு கேள்வி தரணும். உதாரணமாக: வீங்கிச் சீழ் வைத்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டும் வலிக்குதே, ஏன்? அங்கே அமிலத்தன்மை அதிகம். லிடோகெயினில் பெரும்பங்கு மின்னேற்றத்தோடு இருக்கும், நரம்புச் சவ்வைக் கடக்காது.

ஒருவர் எழுதினால் எல்லாக் கல்லூரியிலும் பாடம். வகுப்பு நேரம் ஏன் வேணும் என்பதற்கும் அதுவே பதில்.