முள்வேலிக்குள் அம்மா... போர்முனையில் மகன்!

"உன் முகம் எதிரி நாட்டுக்காரன் முகம் மாதிரி இருக்கிறது" என்று சொல்லி, பிறந்த ஊரிலிருந்தே உங்களை வெளியேற்றினால் எப்படி இருக்கும்? சடாவோ முனெமோரியின் குடும்பத்துக்கு அதுதான் நடந்தது.

சடாவோ 1922ம் ஆண்டு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1941 நவம்பரில், அமெரிக்க ராணுவத்தில் சேரத் தானே விரும்பி முன்வந்தார் சடாவோ. மறுமாதமே பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தின் மீது ஜப்பான் குண்டு வீசியது. போர் மூண்டது!

ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரையும் அமெரிக்க அரசு சந்தேகப்பட்டது. 1942ல் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த உத்தரவால், சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்! கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். சடாவோவின் அம்மா இருந்தது, கலிபோர்னியாவின் மன்ஸனார் முகாமில். சுற்றிலும் பாலைவனம், முள்வேலி, காவல் கோபுரம்.

மகனோ, அதே நாட்டின் சீருடை அணிந்து இத்தாலியில் போரிட்டார். ஜப்பானிய வம்சாவளி வீரர்கள் நிறைந்த 442வது படைப்பிரிவு அது.

1945 ஏப்ரல் 5. செரவெஸ்ஸா என்ற ஊருக்கு அருகே கடும் சண்டை. குழுத் தலைவர் காயமடைந்ததும் சடாவோ பொறுப்பேற்றார். முன்னேறிச் சென்று, எதிரியின் 2 இயந்திரத் துப்பாக்கிகளை அழித்தார். திரும்பும்போது ஒரு கையெறி குண்டு அவரது தலைக்கவசத்தில் பட்டு, தோழர்கள் இருவர் பதுங்கியிருந்த குழியை நோக்கி உருண்டது. ஒரு நொடிகூட யோசிக்காமல் அதன்மேல் பாய்ந்து விழுந்தார் சடாவோ. தோழர்கள் பிழைத்தார்கள். சடாவோ உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 22.

1946ல் அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? முள்வேலிக்குள் வைக்கப்பட்டிருந்த அதே அம்மாதான்! ஆனால், அரசு மன்னிப்புக் கேட்க 1988 வரை ஆயிற்று. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு தந்தது.

ஒருவரின் முகத்தையோ, அவரது தாத்தா பாட்டி எங்கிருந்து வந்தார்கள் என்பதையோ வைத்து, அவர் மனதை எடைபோட முடியுமா?

உங்கள் வீட்டிலும் சீருடை அணிந்த தாத்தாவின் பழைய புகைப்படம் இருக்கிறதா? இன்றே பாட்டியிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதி வையுங்கள், குட்டீஸ்! நாம் கேட்காவிட்டால், அந்தக் கதைகள் பாட்டியோடு போய்விடும்.