அரை மணி நேரப் பெட்ரோல்

2022 பிப்ரவரி 19 அன்று பெங்களூரிலிருந்து கிளம்பிய ஒரு குட்டி விமானம், ஒன்றரை மணி நேரத்தில் புதுச்சேரியில் இறங்கியது. தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-என்ஜி அது. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். கடல்மட்டச் சோதனைகளை முடித்துக்கொண்டு மார்ச் 5 அன்று திரும்பியது. இரண்டு ஊருக்கும் இடையே நேர்கோடு போட்டால், திருவண்ணாமலை, செஞ்சி, மயிலம் பக்கமாக வரும். எங்கள் கூட்டேரிப்பட்டு அந்தக் கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறது.

நான் விமானப் படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். பைலட் ஆக ஆசைப்பட்டு என்னிடம் விசாரிக்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் இந்த வழியை வைத்தே பெட்ரோல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இவ்வகைச் சிறு விமானங்களில் பெரும்பாலும் ரோடாக்ஸ் 912 எஞ்சின்தான். மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தூரம் சுமார் 260 கிலோமீட்டர். காற்றில்லாத நாளில் 160 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 1 மணி 38 நிமிடம். எதிர்காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், தரைக் கணக்கில் வேகம் 120தான். பயணம் 2 மணி 10 நிமிடமாகிவிடும். கூடுதலாகச் செலவாவது கிட்டத்தட்ட 10 லிட்டர்.

பகலில், கண்ணால் பார்த்து ஓட்டும் பயணத்துக்கு, இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் அரை மணி நேரப் பெட்ரோல் மிச்சமிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இரவானால் முக்கால் மணி. அரை மணிக்கு ஆகும் பெட்ரோல் 9 லிட்டர். அந்த இருப்பு முழுவதையும் காற்று மட்டுமே தின்றுவிடும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. பழைய பைக்கில் ரிசர்வுக்குத் திருப்பிவிட்டு அடுத்த பங்க் வரை ஓட்டிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை விமானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

டேங்கை நிரப்பிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். இலகுரக விளையாட்டு விமானத்துக்கு அமெரிக்கா 2004-இல் வகுத்த எடை வரம்பு, ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து, 600 கிலோ. 60 லிட்டர் பெட்ரோலே 43 கிலோ இருக்கும். வாட்டசாட்டமான இருவர் ஏறினால் பெட்ரோலைக் குறைத்தாக வேண்டிவரும். குறைத்தால் தூரமும் குறையும். நடுவில் ஓர் இடத்தில் இறங்கி நிரப்பும்படி பயணத்தையே மாற்ற வேண்டும்.

பெட்ரோல் அளவு காட்டும் முள்ளை மட்டும் நம்பக் கூடாது. இறக்கைக்குள் இருக்கும் டேங்க் அகலமாகவும் ஆழமில்லாமலும் இருப்பதால், விமானம் சாய்ந்தாலே முள் ஆடும். கிளம்புமுன் அளவுகோலை விட்டுப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். சரியாக மூடாவிட்டால் இறக்கையின் மேல் ஓடும் காற்றே பெட்ரோலை உறிஞ்சி வெளியே இறைத்துவிடும். இன்னொன்று, இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கு அனுமதி 10 சதவீதம் வரைதான். பைக்குக்குச் சரிப்படுவதை அப்படியே ஊற்ற முடியாது.

2022 மே 17 அன்று கர்நாடகத்தின் சள்ளகெரேயில், இதே ஹன்சா-என்ஜியின் எஞ்சினை 7,000 அடிக்கு மேல் பறக்கும்போதே நிறுத்தி, மறுபடி ஓடவைத்துச் சோதித்தார்கள். மாணவர் கையில் கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனை. ஆனால் டேங்க்கில் பெட்ரோல் இருந்தால்தானே எஞ்சின் மறுபடி பிடிக்கும்?

கணக்கு தெரிந்தும் தவறுகிறவர்கள் உண்டு. ஊர் நெருங்கிவிட்டது என்ற எண்ணம்தான் காரணம். கூட்டேரிப்பட்டு வந்துவிட்டால் புதுச்சேரிக்கு வான்வழியில் 30 கிலோமீட்டர்தான், பன்னிரண்டு நிமிடம்தான் என்று மனம் சொல்லும். அங்கே மழை இறங்கியிருந்தால்? 2015 ஆகஸ்ட் 18 அன்று தோஹாவிலிருந்து கொச்சி வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம், ஓடுபாதை தெரியாமல் திரும்பத் திரும்ப முயன்று, திருவனந்தபுரம் போனது. அங்கும் பார்வை மங்கலாகவே இருந்தது. எரிபொருள் அடிமட்டத்துக்கு வந்த நிலையில்தான் இறங்க முடிந்தது. பயணிகள் பிழைத்தார்கள். அத்தனை கருவிகளும் அனுபவமும் உள்ள பெரிய விமானத்துக்கே இந்த நிலை.

அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: எத்தனை மணிக்கு, எந்த ஊருக்கு மேல், எவ்வளவு பெட்ரோல் இருக்க வேண்டும் என்று தரையிலேயே எழுதிக்கொள். அதற்குக் குறைந்தால் திரும்பிவிடு. மேலே போன பிறகு அந்த எண்ணை மாற்றாதே.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாதியில் திரும்பி வந்த மகனையோ மகளையோ, செலவழித்த காசைச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அடுத்த முறை திரும்பாமல் போவார்கள். திரும்பி வந்தால் தோளில் தட்டிப் பாராட்டுங்கள். பயிற்சியில் கற்க வேண்டியதிலேயே கடினமானதை அவர்கள் கற்றுவிட்டார்கள்.