இத்தனை இஃப் எதற்கு?

அடையாறு எல்.பி. ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு டீக்கடை வாசலில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். இரண்டு டீ வாங்கி ஓரமாக ஒதுங்கியபோது, எங்கள் அப்பார்ட்மென்டில் குடியிருக்கும் பெண் விஷயத்தைச் சொன்னாள். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. "அங்கிள், ரிவ்யூல என் கோடைத் திருப்பி அனுப்பிட்டாங்க. காம்ப்ளெக்சிட்டி 23-ஆம், குறைச்சுட்டு வான்னு சொல்றாங்க. ஆனா கோடு சரியாத்தானே ஓடுது?"

ஓடுவது மெஷினுக்குப் போதும். அடுத்த வருஷம் அதைத் திருத்தப் போகிறவருக்குப் போதாது. அவருக்குப் புரியுமா என்பதற்கு ஓர் அளவுகோல்தான் அந்த எண். அது வந்த கதையிலிருந்தே அவளுக்குச் சொன்னேன்.

1976-இல் தாமஸ் மெக்கேப் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். ஃபோர்ட்ரான் காலம் அது. இங்கே சர்தார் படேல் ரோட்டில் இருக்கிற ஐ.ஐ.டி.க்கும் 1973-இல் ஐ.பி.எம். 370 வந்து சேர்ந்திருந்தது. ஒரு புரோகிராம் எவ்வளவு சிக்கலானது என்பதை வரிகளை எண்ணிச் சொல்வதுதான் அப்போது வழக்கம். மெக்கேப் வரிகளை விட்டுவிட்டு வழிகளை எண்ணினார். ஒரு ஃபங்ஷனுக்குள் நுழைந்து வெளியே வர, ஒன்றையொன்று சாராத வழிகள் எத்தனை? விடை காண்பது சுலபம். முடிவெடுக்கும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும். ஒவ்வொரு இஃபும் ஒன்று, ஒவ்வொரு லூப்பும் ஒன்று. பத்தைத் தாண்டினால் ஃபங்ஷனைத் திரும்பிப் பாருங்கள் என்றார் அவர். பத்து ஒன்றும் மந்திர எண் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

அவளுக்கு ஈ.பி. பில்லை வைத்துச் சொன்னால் பிடிபடும் என்று தோன்றியது. 2022 செப்டம்பரில் வந்து, 2024 ஜூலையில் ஏறும்வரை இருந்த வீட்டுக் கட்டணம் இது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் என்றால் முதல் 100 இலவசம், 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, அதற்கு மேல் 6. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு. அப்போதும் முதல் 100 இலவசம்தான், ஆனால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50. பிறகு 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11.

இதைக் கோடாக எழுதச் சொன்னால் முதலில் எல்லோரும் எப்படி எழுதுவோம்? 500-க்குள்ளா என்று ஒரு இஃப். உள்ளே 100-க்குள்ளா, 200-க்குள்ளா, 400-க்குள்ளா என்று மூன்று. எல்ஸ் பக்கம் 600, 800, 1000 என்று இன்னொரு மூன்று. ஆக ஏழு கேள்வி, ஒன்றைக் கூட்டினால் எட்டு. எட்டு வழிகளிலும் தனித்தனியாக ஒரு கணக்கு. எட்டையும் டெஸ்ட் செய்தாக வேண்டும்.

இதில் தப்பு எங்கே ஒளிந்துகொள்ளும் தெரியுமா? முதல் இஃபில். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 225, 900, 600, மொத்தம் 1,725 ரூபாய். '500 அல்லது அதற்குள்' என்று எழுத வேண்டிய இடத்தில் '500-க்குக் கீழே' என்று எழுதிவிட்டால் அந்த வீடு அடுத்த கணக்குக்குப் போய், பில் 1,950 ஆகிவிடும். ஒரு சமக்குறி விட்டுப்போனதற்கு ஒரு குடும்பம் 225 ரூபாய் கூடுதலாகக் கட்டும். எட்டு கிளைகளுக்கு நடுவில் அந்தக் குறி இல்லாதது கண்ணில் படவே படாது.

டீக்கடைச் சுவரில் இருந்த விலைப் பலகையைக் காட்டினேன். விலை ஏறினால் பலகையில் எண்ணை அழித்து எழுதுகிறார்கள், டீ போடுகிற முறை மாறுவதில்லை. கோடிலும் அப்படியே செய்யலாம். படிகளையும் விலைகளையும் இரண்டு வாய்ப்பாடுகளாக எழுதி வைத்துவிட வேண்டும், ஒன்று நாலு வரி, மற்றது ஏழு வரி. எந்த வாய்ப்பாடு என்று கேட்க ஒரு இஃப். அதன் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தப் படிக்குள் விழும் யூனிட்டை விலையால் பெருக்கிக் கூட்ட ஒரு லூப். இரண்டும் ஒன்றும் மூன்று. எட்டு மூன்றாகிவிட்டது. அந்த 500 இப்போது தன்னந்தனியாக ஒரே வரியில் நிற்கிறது, சமக்குறி இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிடலாம். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது, இப்படி எழுதியவர் வாய்ப்பாட்டில் எண்களை மட்டும் மாற்றியிருப்பார்.

அவள் ஒரு கேள்வி கேட்டாள், நல்ல கேள்வி. "இஃபுக்குள்ள இஃப், அதுக்குள்ள இஃப்னு எழுதினாலும், ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா எழுதினாலும் எண் ஒண்ணுதானே அங்கிள்?" ஆமாம், இரண்டுக்கும் மெக்கேப் கணக்கில் நாலுதான். படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல. மூன்றாவது இஃபுக்குள் போகும்போது முதல் இரண்டையும் மனசில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் சோனார்சோர்ஸ் நிறுவனம் பின்னாளில் காக்னிட்டிவ் காம்ப்ளெக்சிட்டி என்ற வேறொரு கணக்கைக் கொண்டுவந்தது. அதில் ஆழம் கூடக்கூட அபராதமும் கூடும். உள்ளுக்குள் அடுக்கிய மூன்று இஃபுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு. வரிசையாக நின்றால் மூன்றுதான். அதனால் ஆகாத கேஸ்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. மீட்டர் ரீடிங் போன தடவையைவிடக் குறைவாக இருக்கிறதா, முதல் வரியிலேயே ரிட்டர்ன். உள்ளே வருவதெல்லாம் சரியான ரீடிங் என்ற நிம்மதியோடு மீதியைப் படிக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதே என்றேன். 23 வந்த ஃபங்ஷனை நடுவில் வெட்டி பார்ட்1, பார்ட்2, பார்ட்3 என்று பெயர் வைப்பது. டூல் பச்சை காட்டிவிடும். படிக்கிறவர் ஒரே ஃபைலுக்குள் மேலும் கீழும் அலைவார், முன்பைவிட மோசம். வெட்டி எடுத்த துண்டுக்கு, உள்ளே பார்க்காமலே வேலை புரிகிற மாதிரி ஒரு பெயர் வைக்க முடிந்தால் மட்டும் வெட்டலாம். 'ஸ்லாப் கட்டணம்' என்றால் புரிகிறது. 'பார்ட்2' என்றால் யாருக்குப் புரியும்? பெயர் நன்றாக இருக்கிறதா என்று இந்த இரண்டு கணக்குமே பார்ப்பதில்லை. அதை மனுஷர்தான் பார்க்க வேண்டும். ரிவ்யூவில் நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் அதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

உங்களுக்கும் இதே வேலை என்றால் ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஆபீஸ் போனதும், டீமில் எல்லோரும் தொடப் பயப்படுகிற அந்த ஒரு ஃபங்ஷனைத் திறந்து இஃப்களை விரல் விட்டு எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால், அதில் எத்தனை இஃப் வாய்ப்பாட்டில் ஒரு வரியாக உட்கார வேண்டியவை என்று பாருங்கள். அந்த வரிகளை முதலில் எடுத்து வெளியே வையுங்கள்.