சிவந்த மட்டியும் அரைவேக்காடும்

ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகள் பண்டைக் காலத்தில் கடலடியில் படிந்தவை. ஓடுடைய கடலுயிர்களின் எச்சங்களே பெரும்பாலும் அவ்வாறு பாறையாயின. அத்தகைய ஓடுடைய உயிர் ஒன்று இன்றும் ஈப்போ வட்டார உணவுக் கடைகளில் விரும்பி உண்ணப்படுகிறது. மலாய் மொழியில் அது 'கெராங்'. மலேசியத் தமிழரும் அப்படியே வழங்குகின்றனர். தமிழில் மட்டி எனலாம். அதன் வெற்றோடே கிளிஞ்சல்.

கெராங் வாழுமிடம் கடலோரச் சேற்று நிலம். பேராக் கடற்கரையில் பாகான் பாஞ்சோரில் 1948-ஆம் ஆண்டளவில் இதனை வளர்க்கத் தொடங்கினர். சேற்றில் குஞ்சுகளைத் தூவி விட்டால், அவை கடல்நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்ப் பாசிகளை உண்டு வளரும்.

ஓட்டைத் திறந்தால் செந்நீர் வடியும். பெரும்பாலான மட்டியினங்களின் குருதி நிறமற்றது. கெராங்கின் குருதியிலோ மனிதக் குருதியிற்போல் ஹீமோகுளோபின் உண்டு. உயிர்வளி குறைந்த சேற்றில் வாழ அது துணைசெய்கிறது. அதிலுள்ள இரும்புச்சத்து, கீரையின் இரும்பைவிட எளிதாக நம் உடலிற் சேரும். புரதமும் பி12 வைட்டமினும் மிகுதி, கொழுப்போ குறைவு. இரத்தசோகை உள்ளவர்க்கு இது நல்லுணவாகலாம்.

ஆனால் இங்கேதான் ஒரு தவறு நேர்கிறது. சிவப்பு மாறினால் சத்துப் போய்விடும் என்றெண்ணி, வெந்நீரில் ஒருமுறை முக்கியெடுத்து உண்பவர் பலர். நிறம் மாறுவது ஹீமோகுளோபினின் அமைப்புச் சூட்டால் மாறுவதனால். இரும்பு ஒரு தனிமம், தீயில் அழிவதன்று. சிறிதளவு கொதிநீரில் இறங்கினாலும், அந்நீரைக் குழம்பிற் சேர்த்துக்கொள்ளலாம்.

அழியவேண்டியது வேறு. நீரை வடிகட்டும் உயிராதலால், கழிவு கலந்த கடலிலுள்ள நோய்க்கிருமிகளும் அதன் உடலில் திரளும். 1988-இல் சீனத்தின் ஷாங்காய் நகரில் இவ்வினத்தைச் சார்ந்த மட்டியை அரைவேக்காட்டில் உண்டதனால், ஏறத்தாழ 3,00,000 பேரை மஞ்சட்காமாலை பற்றியது. ஓட்டைத் தேய்த்துக் கழுவுவதும் நல்ல நீரில் ஊறவைப்பதும் சேற்றை நீக்குமேயன்றி, அந்நோயின் வைரசை முற்றும் நீக்கா. சதையின் உட்புறம் 90 பாகை செல்சியசுக்குச் சூடேறி 90 விநாடியேனும் நிற்கவேண்டும். ஓடு வாய் திறந்தவுடன் வெந்துவிட்டதென்று இறக்கிவிடலாகாது.

சம்பலிலோ, புளிக்குழம்பிலோ, சார் குவே தியாவிலோ சேர்க்கும்போதும் இதுவே முறை. வேகுமுன்னரே வாய் பிளந்து, தட்டினாலும் மூடாதவற்றை எறிந்துவிடுக. சற்று இறுகிய சதையை உண்பதால் சுவை சிறிது குறையலாம், உடல்நலம் காக்கப்படும்.